பொத்தான் விழாத கிண்ணம்

எங்கள் வீட்டின் பின்புறம் ஐந்து தக்காளிக் குழிகள் உண்டு. ஐந்திலும் ஐந்து விதமான செடிகள். எல்லாமே வழிவழி விதை. அதாவது இந்த ஆண்டுப் பழத்திலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டும் அதே செடி, அதே பழம். கடையில் பாக்கெட்டில் விற்கும் ஒட்டு விதையை நம்பி இப்படிச் செய்ய முடியாது. தாயைப் போலப் பிள்ளை என்பது அதற்குப் பொருந்தாது. இதை முதலில் சொல்லிவிட்டால் பின்னால் நடந்ததைச் சொல்வது சுலபம்.

கதவுப் பக்கமிருந்து வரிசையாகச் சொல்கிறேன். முதல் குழியில் கறுப்பி. பழுத்தால் கத்தரிக்காய்க்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு நிறம், தோள்பட்டை மட்டும் பச்சை. உப்புத் தொடாமலே நாக்கில் உப்புக் கரிக்கும். அது அப்பாவின் செல்லம். இரண்டாவது, முத்துமஞ்சள். பேரிக்காயைச் சுண்டுவிரல் நுனியளவுக்குச் சுருக்கினாற்போலக் குலைகுலையாகக் காய்க்கும். சமையலறை வரை வந்து சேர்ந்த முத்துமஞ்சளை நான் பார்த்ததே இல்லை. அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர், வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே அந்தச் செடியடிக்குத்தான் போவார். மூன்றாவது, இந்த ஆண்டு புதிதாக வந்த வரியன். பழுத்த பிறகும் பச்சைதான், மேலே மஞ்சள் கோடு ஓடும். மெல்ல அழுத்திப் பார்த்தால்தான் பழுத்ததா என்று தெரியும். “இவன் நம்ம பெரிய மாமா மாதிரி. மூஞ்சியப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது” என்பார் அப்பா. நான்காவது மாட்டிதயம், மாட்டின் இதயம் போன்ற வடிவம். ஒரு பழம் கையை நிறைக்கும், சதை அதிகம், விதை சொற்பம். அதன் இலைகள் பிறவியிலேயே வாடினாற்போலத் தொங்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் பதறிப்போய்த் தண்ணீர்க் குவளையைத் தேடுவார்கள். என் பொத்தான் எப்போதும் அதற்குத்தான். பொத்தான் என்னவென்று பிறகு சொல்கிறேன்.

ஐந்தாவது கொசுவம். சாயங்காலம் வரை வெயில் விழும் சுவரோரக் குழி அதனுடையது. பின்புறத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. பழத்தைச் சுற்றி மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக, புடவைக் கொசுவம் பிடித்தது போலவே இருக்கும். பெயர் வைத்தது அம்மா. செடியும் அம்மாவினுடையதுதான். இந்த வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் ஊன்றிய விதை அது.

வீட்டில் ஒரு சட்டமும் அம்மா போட்டதுதான். “வாய்க்குப் பிடிச்சதுக்குத்தான் மண்ணு.” ஆண்டுதோறும் பருவம் முடியப்போகிற சமயத்தில், ஐந்து இரகத்தையும் வெட்டி வைத்து எல்லோரும் ருசி பார்க்க வேண்டும். ஆளுக்கு மூன்று சட்டைப் பொத்தான். பிடித்த இரகத்துக்கு எதிரே வைக்க வேண்டும். குறைந்த பொத்தான் வாங்கியதற்கு அடுத்த ஆண்டு குழி கிடையாது, புதிது ஒன்று வரும். யார் கொடுத்த விதை, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்ற தயவுதாட்சண்யம் எல்லாம் இல்லை. அம்மாவின் சொந்தத் தம்பி ஆசையாகக் கொண்டுவந்து தந்த ஒரு இரகம் முதல் ஆண்டே தோற்றது. “தண்ணிக்குத் தோல் போத்தின மாதிரி இருக்குடா உன் தக்காளி” என்று அம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மாமா அடுத்த பருவம் வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

கொசுவம் மட்டும் ஒருமுறையும் தோற்றதில்லை.

அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு அக்காதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கொசுவத்துக்குக் கழி நட்டு, கிளை கிள்ளி, பழைய துணிக்கிழிசலால் கட்டிவிட்டுப் போவாள். அவள் குடியிருப்பது மூன்றாம் மாடியில். தபால் நிலையத்தில் பார்சல் பிரிவு அவள் பொறுப்பு. எதுவும் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கவேண்டும் என்பது அவளுக்கு வேலையில் வந்த பழக்கமா, பிறவிக்குணமா என்று அத்தானாலேயே சொல்ல முடியாது. அந்தச் செடி அந்தச் சுவரோரத்தில் நிற்கிறவரை அம்மா வீட்டைவிட்டு முழுசாகப் போகவில்லை என்பது அவள் கணக்கு.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். அப்பா குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்தி குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். அங்கே ஒரு குழாய் நிற்காமல் சொட்டியதைச் சரிசெய்யப் போன அப்பா, சொட்டு நின்ற பிறகும் போய்க்கொண்டிருந்தார். விஷயத்தை அப்பா எங்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அக்கா கோபப்படவில்லை, அழவுமில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“சுவரோரக் குழியில கை வைக்க மாட்டாங்கல்ல?”

“சே, அவ ஏம்மா அதுல கை வைக்கப் போறா” என்றார் அப்பா.

சித்தியும் வைக்கவில்லை. துணி காயப்போடப் போனால்கூட அந்தப் பக்கம் ஒதுங்கியே போனார். அக்கா அவரிடம் மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் எதற்கும் முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. இருக்கும்போது “நீங்க”, இல்லாதபோது “அவங்க”. அவ்வளவுதான்.

ருசி பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கமாக வெட்டி வைப்பது அம்மா, பிறகு அக்கா. காலையில் அப்பா, “வெட்டுற ஆளு ஓட்டும் போட்டா அது என்ன நியாயம்?” என்று ஆரம்பித்தார்.

“இத்தனை வருஷம் அம்மா வெட்டிட்டுத்தான போட்டாங்க?” என்றாள் அக்கா.

“உங்கம்மாகிட்ட யாரு நியாயம் கேக்குறது?”

சித்தி உள்ளேயிருந்து, “நான் வேணா வெட்டித் தரேன். எனக்கு ஓட்டு வேண்டாம்” என்றார். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அக்காவும் சரி என்றாள். இந்த ஆண்டு வந்த வரியன்தான் போவான் என்று எல்லோருக்கும் தெரிந்ததுபோல ஒரு நினைப்பு இருந்தது. அந்த இடத்துக்கு என்ன விதை வாங்கலாம் என்று அத்தான் அதற்குள் பேசவே தொடங்கிவிட்டார்.

சித்தி சமையலறையில் வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது தட்டில் நாங்கள் எதிர்பார்த்த வட்டத் துண்டுகள் இல்லை. ஐந்து தக்காளிக் கிண்ணங்கள், ஐந்துக்கும் மூடி. பொத்தான் போட வேறு ஐந்து காலிக் கிண்ணங்கள். இரண்டு வரிசைக்கும் அடியில் சின்னக் காகிதம் ஒட்டி ஒரே எண்களைப் போட்டிருந்தார். பழங்களை வெந்நீரில் முக்கித் தோலை உரித்து, எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பொடியாக நறுக்கியிருந்தார். தோளில் நாலு துண்டுத் துணி.

“இது எதுக்கு?” என்றார் அப்பா.

“கண்ணக் கட்டத்தான். நிறம் தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும். எங்க கூடத்துல அப்படித்தான். எந்தக் கிணத்துத் தண்ணின்னு தெரிஞ்சு யாரும் சோதிக்க மாட்டோம்.”

“அத்தை, பஸ் ஓட்டுறவன் கண்ணக் கட்டிக்கிட்டான்னு வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்” என்றார் அத்தான். ஆனாலும் முதலில் தலையை நீட்டியவர் அவர்தான்.

நால்வரும் கண்ணைக் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சித்தி ஒவ்வொருவராகக் கரண்டியால் ஊட்டினார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாய்த் தண்ணீர். பிடித்திருந்தால் கையிலுள்ள பொத்தானை முன்னால் நீட்டும் காலிக் கிண்ணத்தில் போடவேண்டும். வேண்டுமானால் இன்னொரு சுற்று கேட்கலாம். ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றி ஊட்டினார் என்று பிறகு தெரிந்தது.

நாற்பதைத் தாண்டிய மகளுக்கு அவர் ஊட்டியதைக் கண்ணால் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. காதால் கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் ஆ காட்டும்மா. மேல சிந்திடும்.”

“போதும், இவ்ளோதான் வரும்.”

“பார்சல் உள்ள போக வாசல் பத்தலையாம்” என்றார் அத்தான்.

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஊட்டுனப்ப கரண்டியவே முழுங்கிட்டீங்கன்னு நெனச்சேன்.”

பொத்தான்கள் டிங் டிங்கென்று விழுந்தன. மாட்டிதயம் எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று உறுதியாக நம்பி இரண்டு பொத்தான்களைப் போட்டேன். அது வரியன். இதைப் பிறகு அத்தான் ஊரெல்லாம் சொன்னார்.

துணியை அவிழ்த்தோம். பொத்தான் கிண்ணங்களை அப்பா ஒவ்வொன்றாக மேசைமேல் கொட்ட, எண்ணைப் பார்த்து சித்தி இரகத்தின் பெயரைச் சொன்னார். கறுப்பிக்குக் குவியல். வரியனுக்கும் குறைவில்லை. முத்துமஞ்சள், மாட்டிதயம் இரண்டும் தப்பிப் பிழைத்தன. ஐந்தாவது கிண்ணத்தை அப்பா கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. தட்டிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டும் பார்த்தார். பிறகு அடியில் ஒட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு சித்தியை நிமிர்ந்து பார்த்தார்.

“அது... சுவரோரத்துது” என்றார் சித்தி.

பின்புறத்துக் குழாயடியில் ஏதோ குருவி தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா கிண்ணத்தை வாங்கி அடியில் இருந்த எண்ணைத் தானும் பார்த்தாள்.

“தோல உரிச்சா ருசி போயிடும்” என்றாள் அக்கா.

“எல்லாத்துக்கும்தாம்மா உரிச்சேன்.”

“அம்மா இருந்தப்ப ஒரு வருஷம்கூட இது தோத்தது கிடையாது.”

“எப்படித் தோக்கும்?” என்றார் அத்தான். அவர் வாய்க்கும் மூளைக்கும் நடுவே எப்போதும் பச்சை விளக்குத்தான். “வட்டமா வெட்டி வெச்சா அதுமட்டும் பூ மாதிரி தெரியும். கண்ணை மூடினாலும் அந்த மடிப்பு நாக்குல தட்டும். யாரோடதுன்னு தெரிஞ்சப்புறம் போடாம இருக்க எனக்கென்ன பைத்தியமா?”

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். “மாப்பிள்ளை, உங்களுக்கும் தெரியுமா?”

“உங்களுக்குந்தானா, மாமா?”

“முப்பது வருஷமா. ஓட்டுப் போடலைன்னா யாரு சோறு போடுவா?”

நானும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே ஒரு பொத்தானைக் கொசுவத்துக்கென்று ஒதுக்கிவிட்டு மீதி இரண்டைத்தான் ருசிக்குப் போடுவேன். எனக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும், மற்றவர்கள் எல்லோரும் உண்மையாகவே விரும்பிப் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொருவரும் அப்படியே நினைத்திருக்கிறோம். ஒரு வீட்டுக்குள் இத்தனை ஆண்டுகள், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து.

“டேய், நீயுமா?” என்றாள் அக்கா.

“நீ போடலியாக்கா?”

அக்கா அதே எண் போட்ட தக்காளிக் கிண்ணத்தை இழுத்தாள். அதில் மிச்சமிருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். இன்னொன்று. அவள் முகத்தை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மாவு மாதிரி இருக்கு” என்றாள் கடைசியில்.

சித்தி காலிக் கரண்டிகளைத் திரட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நியாயமாக நடத்திய ஒரு காரியம், முதல் மனைவியின் செடியைப் பிடுங்கி எறிந்ததுபோல ஆகிவிட்டது. அதை எப்படி எடுத்துச் சொன்னாலும் கேட்க நன்றாக இருக்காது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அப்பா எழுந்தார், உட்கார்ந்தார். அக்கா எழுந்து சமையலறைக்கு நடந்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்துவிடப் போகிறாளே என்று, கிண்ணங்களைக் கழுவும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

சித்தி குழாயைத் திறந்து தண்ணீருக்கடியில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதுகு எங்கள் பக்கம்.

“அப்ப அந்தக் குழி இனிமே காலி” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “உங்க வீட்டுப் பக்கத்து விதை ஏதாவது வெச்சிருப்பீங்க. அதைப் போடலாம். சட்டப்படி தப்பில்ல.”

“என்கிட்ட எந்த விதையும் இல்லம்மா.”

“வாங்கிக்கலாமே. உங்களுக்குப் பிடிச்ச தக்காளி எதாச்சும் இருக்கும்ல.”

“எனக்கா?” என்று சித்தி திரும்பினார். ஈரக் கைகளைப் பின்னால் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. விரலிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து, பட்டை பட்டையாகத் தடித்திருந்தது.

“என்னாச்சு கைக்கு? வெந்நி கொட்டிடுச்சா?”

“ஒண்ணுமில்ல. வேகாத தக்காளிச் சாறு பட்டா எனக்கு இப்படித்தான் தடிக்கும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.”

அக்கா பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “பட்டாலே இப்படின்னா, தின்னா?”

“வாயெல்லாம் அரிக்கும். வேகவெச்சா ஒண்ணும் பண்றதில்ல.”

“அப்பா தினம் காலையில ஒரு தட்டு வெட்டித் தராரே உங்களுக்கு! உப்பெல்லாம் தூவி!”

“ஆசையா வெட்டித் தராரும்மா. புதுசா வந்த எடத்துல, தக்காளியே உயிரா இருக்கிற வீட்டுல, எனக்கு ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? மொத வாரம் தின்னுட்டேன். அப்புறம் அவர் பேப்பர் எடுக்க வாசலுக்குப் போறப்ப, உரக்குழியில கொட்டிட்டு வந்துடுவேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

அக்கா அவரையே பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கால் ஒரு சத்தம் வந்து, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா! இங்க வாங்க!”

“சொல்லாதீங்கன்னேனே!” என்றார் சித்தி.

அப்பா வந்தார். பின்னாலேயே அத்தானும். அக்கா சித்தியின் கையை உயர்த்திக் காட்டி, சாட்சி சொல்வதுபோல முழுவதையும் சொன்னாள். அப்பா அந்தக் கையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

“அதான் உரக்குழி ஓரம் தக்காளிக் காடா முளைச்சுதா? நான் மண்ணுல ஏதோ அதிசயம்னு நெனச்சேன்!”

“நாலு பேர்கிட்ட வேற சொல்லிட்டீங்களே, மாமா” என்றார் அத்தான்.

“சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றார் அப்பா. சித்தியிடம்தான் கேட்டார், ஆனால் குரலில் பாதி அங்கே இல்லாத ஒருவரிடம் கேட்டதுபோல இருந்தது. “ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கோச்சுக்கவா போறேன்?”

“நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும், முப்பது வருஷம்” என்றாள் அக்கா.

அப்பா களிம்பு தேடப் போனார். அவர் கைக்கு எப்போதும் அகப்படாத அலமாரியில் அது இருந்தது. அத்தான் கூடவே போய் அது இல்லாத இடங்களையெல்லாம் காட்டிக்கொடுத்தார்.

அக்கா சமையல் மேடைக்கடியில் இருந்த கூடையைத் துழாவி, நறுக்காமல் மீந்திருந்த கொசுவம் ஒன்றை எடுத்தாள். நன்றாகப் பழுத்தது. மடிப்புகளின் நடுவே வெடிப்பு விட்டிருந்தது. குறுக்காக வெட்டினாள். உள்ளே பூவிதழ் போல அறைகள். நடு அறையிலிருந்து விதைகளைக் கட்டைவிரலால் வழித்து ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டுத் தண்ணீர் ஊற்றினாள். விதை மேலுள்ள வழவழப்பு கரைந்து போக அது சில நாள் அப்படியே ஊறிப் புளிக்க வேண்டும்.

“இதை இங்க வைக்கல. நான் எடுத்துட்டுப் போறேன். எங்க பால்கனியில ஒரு தொட்டிக்கு எடம் இருக்கு” என்றாள்.

“உனக்கே பிடிக்கலியேக்கா” என்றேன்.

“ஆமா. அதுக்கென்ன இப்ப? தொட்டிக்கு அம்மா சட்டம் எதுவும் போடல.” குவளையின் வாயில் ஒரு துணியைப் போட்டுக் கட்டினாள். முடிச்சைச் சரிபார்த்தாள். பிறகு சித்தி பக்கம் திரும்பினாள். “தக்காளி ஆகாது. சரி. வேற என்னதான் பிடிக்கும் உங்களுக்கு?”

சித்தி யோசித்தார். எங்கள் வீட்டில் அவரை யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“வெள்ளரிக்கா” என்றார். “பிஞ்சு வெள்ளரி. எவ்வளவு குடுத்தாலும் தின்பேன்.”

“வெள்ளரியா?” என்று அக்கா முகத்தைச் சுளித்தாள். தக்காளிக்காரர்களுக்கு வெள்ளரி என்றால் கொஞ்சம் இளப்பம்தான். ஆனால் கால் அதற்குள் பின்வாசலைத் தாண்டிவிட்டது. நாங்கள் பின்னாலேயே போனோம். சுவரோரக் குழி முன்னால் நின்றாள். கொசுவம் இன்னும் அங்கேதான் நின்றது. கீழே இலைகள் பழுத்து, உச்சியில் நாலைந்து காய்கள். அதைத் தொடவில்லை. செடிக்குப் பின்னாலிருந்த சுவரை மட்டும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“வெயில் இங்கதான் நிக்குது. வெள்ளரிக்கும் அதான் வேணும். கொடி ஏறக் கயிறு கட்டணும். இங்கேருந்து அந்த ஆணி வரைக்கும்.”

களிம்போடு வந்து சித்தியின் கையில் பூசிக்கொண்டே அப்பா, “கயிறு எதுக்கு? என்கிட்ட பழைய குழாய் கிடக்கு. சதுரம் சதுரமா மாட்டித் தரேன், அசையாது” என்றார்.

“குழாய் வெயில்ல சுடும்ப்பா. கொடி கருகிடும். கயிறுதான்.”

“இரும்புக் குழாய் இல்லம்மா, பிளாஸ்டிக்கு.”

“நீங்க சும்மா இருங்க. தின்னப்போறது அவங்க.” சித்தியைப் பார்த்தாள். “உங்களுக்குக் கை எட்டுற உயரம் எவ்வளவு? இப்படி வந்து நில்லுங்க. கையத் தூக்குங்க.”

சித்தி களிம்பு பூசிய கையைச் சுவரில் பட்டுவிடாமல் மேலே தூக்கினார். அக்கா அந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு கீறிவிட்டு, அளவுநாடா கொண்டுவரும்படி என்னை உள்ளே விரட்டினாள்.